புற்றுமண் சிவந்த கதை

என் உத்தியோக வாழ்க்கையில் நான் ஒரே ஒரு தாமிரச் சுரங்கத்தைக் கண்டுபிடித்தேன். அது சரியாகப் பதினேழு நாள் இருந்தது. அந்தப் பதினேழு நாளும் நான் நடந்த நடையை இப்போது நினைத்தால், எனக்கே என்னை ஓங்கி ஓர் அறை விடலாம் போல வருகிறது.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். பூமிக்கடியில் என்ன உலோகம் கிடக்கிறது என்று பார்ப்பதற்காக எங்கள் இலாகா சங்கரன்கோவிலில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து முகாம் போட்டிருந்தது. முகாம் என்றதும் ஏதோ பெரிய பட்டாளம் என்று நினைக்க வேண்டாம். மொத்தம் மூன்று பேர். மேலதிகாரி ஒருவர், நான், உள்ளூர்க்காரரான ஒரு சமையல்காரர்.

மேலதிகாரி பட்டணத்துக்காரர். பாறை ஆசாமி. கையில் சுத்தியல், கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி. இருபது வருஷமாகத் தெற்கிலும் வடக்கிலும் பாறைகளை உடைத்தும் உருப்படியாக ஒரு தாதுகூட அகப்படாதவர். அந்த எரிச்சலை யார்மேலாவது காட்ட வேண்டுமே, நான் கிடைத்தேன். நானோ ரசாயனம் படித்தவன். மண்ணைச் சோதித்தே அடியில் இருக்கும் தாதுவைக் கண்டுபிடிக்கும் புது முறையில் பயிற்சி பெற்று வந்திருந்தேன். வயது இருபத்தாறு. உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பிய வயது.

“என்னய்யா இது, மண்ணைக் கரைச்சுக் குறி சொல்றியா?” என்பார் மேலதிகாரி, தினமும், காலைக் காப்பியோடு.

நான் சொன்ன குறி இதுதான். கறையான் சும்மா புற்றுக் கட்டுவதில்லை. ஈரம் தேடி ஆழத்துக்குப் போய், அங்கிருந்து மண்ணைத் துகள் துகளாக மேலே கொண்டுவருகிறது. ஆழத்தில் தாது இருந்தால் அதன் சுவடும் கூடவே மேலே வந்துவிடும். நாம் குழி தோண்டவே வேண்டாம். கறையான் கூலி வாங்காமல் தோண்டி வைத்திருக்கிறது. அந்த மண்ணில் ஒரு சிட்டிகையைச் சோதனைக் குழாயில் போட்டு, அமிலத் தண்ணீர் விட்டு, பச்சைச் சாயக் கரைசல் ஒன்றை ஊற்றிக் குலுக்க வேண்டும். சாயம் பச்சையாகவே இருந்தால் மண்ணில் ஒன்றுமில்லை. சிவந்தால் தாமிரமோ துத்தநாகமோ ஈயமோ இருக்கிறது. பிறகு எது எவ்வளவு என்று வேறு சோதனைகளில் பிரித்துக்கொள்ளலாம்.

இதைப் போய் சங்கரன்கோவிலில் செய்ய வந்தேன் பாருங்கள், அங்கேதான் கூத்து. அந்த ஊரில் புற்றுமண் கோயில் பிரசாதம். நெற்றியில் இடுவார்கள், தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள், சொறி சிரங்குக்குத் தடவுவார்கள். நான் சைக்கிளில் பை பையாகப் புற்றுமண்ணைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து எதிரே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். முதல் வாரம் அது எனக்கான மரியாதை என்றே நினைத்துத் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன். டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டுவிட்டார்.

“நம்ம புத்துமண்ணு தோல் வியாதிக்கு நல்லதுன்னு தெரியும். சர்க்காருக்கு என்ன வியாதி வே?”

புளியங்குடிப் பக்கம் ஒரு வாரம், திருவேங்கடம் பக்கம் ஒரு வாரம் என்று மண் எடுத்தேன். ஒவ்வொரு பைக்கும், ஊருக்கு ஊர் ஒன்றிலிருந்து தொடங்கி, நம்பர் உண்டு. கொண்டுவந்த மண்ணைப் பின்முற்றத்தில் காகிதம் விரித்துக் காயவைத்து, சலித்து, திரும்பப் பையில் போட்டுக் கட்டும் பொறுப்பைச் சமையல்காரரிடம் கொடுத்திருந்தேன். ஐம்பது வயதுக்காரர். நாணயமானவர். எப்படி முடிச்சுப் போட வேண்டும் என்றுகூட நான் செய்து காட்டியிருந்தேன். எல்லாம் பச்சை. குழாய்க்கு மேல் குழாய், பச்சைக்கு மேல் பச்சை. மேலதிகாரியின் முகத்தில் மட்டும் நாளுக்கு நாள் தெளிவு கூடிக்கொண்டே வந்தது.

பிறகு பனவடலிசத்திரத்துக்கு மேற்கே போனேன். அங்கே கரிசல் முடிந்து செவல் என்கிற செம்மண் தொடங்கும் ஓரத்தில் ஒரு சம்சாரியின் நிலம் இருந்தது. அந்தப் பக்கம் மானாவாரி விவசாயியைச் சம்சாரி என்றுதான் சொல்வார்கள். நிலத்தில் ஆளுயரத்தில் ஒரு புற்று, வரப்போரம் நாலைந்து சிறிய புற்றுகள். பக்கத்தில் அவர் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். கரிசலைத் தாண்டி, சரளையைத் தாண்டி, பாறையைத் தொட்டு, வெடி வைக்கும் நிலைக்கு வந்திருந்தது கிணறு. மூன்று வருஷமாக நடக்கும் வேலை. அவரும் மனைவியும் முதலில் தாங்களே வெட்டி, முடியாமல் போனபின் ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“செருப்பக் கழத்திட்டு எடுங்கய்யா,” என்று மட்டும் சொன்னார் சம்சாரி. மனைவி ஒன்றும் பேசவில்லை. தலையில் மண்கூடையோடு நின்று என்னைப் பார்த்தார். கழற்றிவிட்டுப் பன்னிரண்டு பை எடுத்தேன்.

மூன்று நாள் கழித்துச் சாயங்காலம் அந்தப் பைகளைச் சோதித்தேன். முதல் குழாய் சிவந்தது.

இரண்டாவது குழாய் சிவந்தது. மூன்றாவது சிவந்தது. பன்னிரண்டில் பதினொன்று, வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்து நின்றன. நான் சோதனை மேஜையைச் சுற்றி ஆடியே விட்டேன். மேலதிகாரி உள்ளே வந்தார், குழாய்களைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. இருபது வருஷம் காத்திருந்த மனிதர் அல்லவா.

“தம்பி,” என்றார். அதுவரை என்னை அவர் தம்பி என்று அழைத்ததேயில்லை.

இரவெல்லாம் கணக்குப் போட்டுப் பிரித்ததில் தாமிரம் அதிகமாகவும் துத்தநாகம் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலாகவும் வந்தது. எல்லாப் பையிலும் ஏறக்குறைய அதே விகிதம். இயற்கை இவ்வளவு ஒழுங்காக இருக்காதே என்று ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மண் சிவந்த இடங்களைக் குறித்து ஒரு வரைபடம் வரைந்தேன். “இரட்டைத் தாது!” என்று அறிக்கையில் எழுதி அதற்கு இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

மறுநாள் மேலதிகாரி சுத்தியலோடு அந்த நிலத்துக்கு வந்தார். கிணற்று மேட்டில் கிடந்த கற்களுக்கு நடுவே பச்சை படிந்த கல் ஒன்றைக் கண்டுபிடித்தார். தாமிரத் தாது வெயில் மழை பட்டால் பச்சைப் பூச்சாக மேலே படியும். பாடப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கும் விஷயம். கண்ணாடி வைத்துப் பார்த்தார், முகர்ந்தார், நக்கியும் பார்த்தார். பிறகு கைக்குட்டையில் சுற்றி மார்புப் பையில் வைத்துக்கொண்டார். அன்றே தலைமையகத்துக்குத் தந்தி போயிற்று.

தந்தியோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அளவெடுத்து முடியும்வரை அந்த நிலத்தில் யாரும் வெட்டவோ வெடி வைக்கவோ கூடாது என்று ஒரு தடை உத்தரவையும் மேலதிகாரி வாங்கினார். அதைக் கொடுக்கக் கிராம முன்சீப்புடன் நான் போனேன். இஸ்திரி போட்ட சட்டை வேறு.

சம்சாரி கிணற்றிலிருந்து ஏறி வந்து கேட்டுக்கொண்டார்.

“எத்தன நாளுக்குய்யா?”

“ஆறு மாசம் ஆகலாம். ஒரு வருஷம்கூட ஆகலாம்,” என்றேன் பெருமையாக.

“ஐப்பசி மழ விழுந்தா கரிசல் சரிஞ்சு குழி தூந்துரும்யா. இப்பமே பொரட்டாசி ஆயிட்டு. ஆளுக வேற ஊருக்கு வேலைக்குப் போயிருவாக.” அவர் சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசம். “இந்தக் கெணறு ஊறலன்னா மாட்ட வித்துட்டு ரெண்டு பேரும் மலைத் தோட்டத்துக்குத் தேயில பறிக்கத்தான் போவணும். எந்தம்பி போனான். ஊருக்குத் திரும்பி வரவே இல்ல.”

நான் அவருக்கு நாட்டு முன்னேற்றம் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். மின்சாரக் கம்பி, தாமிரம், தொழிற்சாலை என்றெல்லாம் பேசினேன். அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்சீப் கொட்டாவி விட்டார். அந்தப் பிரசங்கத்தை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

ஊரில் என் மவுசு ஏறியது. டீக்கடையில் வடைக்குக் காசு வாங்க மறுத்தார்கள். தாமிரம் திருவேங்கடம் போவதற்குள் தங்கமாகி, புளியங்குடி எலுமிச்சம்பழச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது வைரமாகியிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் என்னைத் தெருவில் நிறுத்தித் தங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு புற்று இருப்பதாகக் காதோடு சொன்னார்கள். சவரக் கடைக்காரர் எனக்குத் தனியாக வாசனைத் தைலம் போட்டார். நானும் மீசையை முறுக்கத் தொடங்கினேன், இருந்த மீசை முறுக்கக் காணாது என்றாலும்.

அந்த நிலத்தில் இன்னும் நெருக்கமாக மண் எடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து பதில் வந்தது. சமையல்காரர் சொந்தக்காரர் கல்யாணத்துக்காகப் புளியங்குடிக்குப் போயிருந்தார். அதனால் மண்ணை நானே எடுத்து, நானே காயவைத்து, நானே கட்டிச் சோதித்தேன்.

பச்சை.

மறுபடி சோதித்தேன். பச்சை. குழாயைக் கழுவினேன், சாயத்தைப் புதிதாகக் கலக்கினேன், கிணற்றுத் தண்ணீரைக் குறைசொன்னேன், காற்றைக் குறைசொன்னேன், மேலதிகாரி பின்னால் நின்று மூச்சு விடுவதைக் குறைசொன்னேன். அதே புற்று, அதே உயரம். போன தடவை பழுக்கச் சிவந்த மண் இந்தத் தடவை பச்சைப் பசேலென்று கிடக்கிறது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அந்தச் சோற்றை மேலதிகாரி வடித்தார் என்பதும் ஒரு காரணம்.

நாலாம் நாள் காலை சமையல்காரர் திரும்பி வந்தார். அடுப்படிக்குள் நுழைந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஒரு வாரம் நான் இல்லன்னா பாத்திரமெல்லாம் இப்படியா கறுத்துக் கெடக்கும்? யாராவது பாத்தா என்னையில்லா சொல்லுவாக!”

பாத்திரங்களை வாரிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பல் துலக்க நானும் அங்கே போனேன். அண்டா கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் ஊறவைத்த புளி. அதற்குப் பக்கத்தில் என் துணிப் பை ஒன்று, வாய் திறந்தபடி.

“அண்ணாச்சி, அது என்ன பை?”

“பதினாறாம் நம்பர்யா.”

“அதை வச்சு என்ன செய்யுதீக?”

“பாத்தாத் தெரியலியா? அண்டா வெளக்குதேன்.”

கையிலிருந்த வேப்பங்குச்சி நழுவி விழுந்தது. “என்னைக்கிலருந்து?” என்று கேட்டேன்.

“இந்த மண்ணு வந்த நாள்லருந்துதான். சாம்பலு அழுக்குக்குத்தான்யா ஆகும். பித்தள பளபளக்கணும்னா புத்துமண்ணும் புளியுந்தான்.” அவர் கை நிற்காமல் தேய்த்தது. “மண்ணுன்னா எல்லா மண்ணுமா? புளியங்குடிப் பக்கம் எடுத்தீகளே, அது சரள. பாத்திரத்தக் கீறிப்போடும். திருவேங்கடத்து மண்ணு கரிசலு, சவ்வு மாதிரி ஒட்டும். சத்திரத்துக்கு மேக்க எடுத்துட்டு வந்தீக பாருங்க, அதான்யா மண்ணு. வெண்ணெ! சலிக்கையிலயே கைக்குத் தெரிஞ்சுபோச்சு. வேற பை மண்ண வச்சு நான் வெளக்கவேயில்ல.”

ஆக, நான் தாமிரம் என்று நினைத்து வரைந்த வரைபடம், எங்கள் சமையல்காரருக்குப் பிடித்த மண்ணின் வரைபடம். பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த உலோகம். புளி அதைக் கரைக்கும். கரைந்தது மண்ணில் ஏறும். என் இரட்டைத் தாது, இரண்டு அண்டாக்களும் ஒரு குத்துப்போணிப் பாத்திரமும்.

“தேய்ச்ச மண்ணைத் திரும்பவுமா பையில போட்டீக?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பின்ன? நான் திருடனா? சர்க்காருச் சொத்துல்லா! வெளக்கி முடிச்சு, புளிக் கோதப் பொறுக்கிப் போட்டுட்டு, வெயில்ல காயவச்சு, சலிச்சு, அதே பையில அதே அளவுக்குக் கட்டி வச்சிருக்கேன். ஒரு பிடி கொறஞ்சிருக்கான்னு தூக்கிப் பாருங்க. நீங்க சொல்லித் தந்த முடிச்சுதான் போட்டிருக்கேன்.”

முடிச்சு மிகச் சரியாக இருந்தது. நான் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டில் சிவக்காத அந்த ஒரு பையைப் பற்றியும் கேட்டேன். அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை அவர் பாத்திரங்களுக்குக் குங்குமம் வைப்பதோடு சரி, தேய்ப்பதில்லை.

நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அன்று பகல் முழுக்க நான் யோசித்தது வேறு. யாருக்கும் சொல்ல வேண்டாம். முதலில் சிவந்தது, பிறகு பச்சையாயிற்று, இயற்கையின் விசித்திரம் என்று எழுதி ஆறு மாதம் இழுத்தால் விஷயம் தானாக அமுங்கிவிடும். என் பெயர் பிழைக்கும். மேலதிகாரி என்னைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஆனால் சாயங்காலம் மேற்கே மேகம் கறுத்து இரண்டு தூறல் விழுந்தது. தெருவெல்லாம் மழை, மழை என்று சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் அந்தக் குழியின் கரிசல் ஓரம் சரிகிற காட்சி கண்ணைவிட்டுப் போகவில்லை. பயந்துகொண்டே மேலதிகாரியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். அண்டாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அதில் தன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் தேய்ச்சிருக்கான்,” என்றார்.

பிறகு மார்புப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே அந்தப் பச்சைக் கல். “ஆனா இது பித்தளை இல்லையேய்யா?” என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த ஆசையை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை இரண்டு பேரும் போனோம். கிணற்றடியில் ஆட்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாம். நல்லவேளை, ஓரம் ஒரு முழந்தான் சரிந்திருந்தது. மேலதிகாரி முதலில் கல்லைத்தான் நீட்டினார். சம்சாரி வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“இது எங்கன கெடச்சிது? பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்குப் பச்சச் சாயம் கொழச்ச கல்லுல்லா இது!”

மேலதிகாரி கல்லைத் திரும்ப வாங்கவில்லை. அதை நக்கிப் பார்த்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, திரும்பி நின்று துப்பினார். தடை ரத்து என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைமையகத்துக்குத் தந்தி எழுதத்தான் அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மொத்தம் நாலே வார்த்தை.

நான் சம்சாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. “அப்பம் எம் பூமியில ஒண்ணுமே இல்லியா?” என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன். அப்போதுதான் அந்த மனிதர் முகம் மலர்ந்து பார்த்தேன்.

“அத அப்படியே எழுதிக் குடுங்கய்யா. தங்கம் இருக்குன்னுல்லா ஊரெல்லாம் பேசுதான். வெளியூர்க்காரன் மம்பட்டியோட வந்து நிக்கான்.”

உட்கார்ந்து எழுதினேன். இந்த நிலத்தில் தாமிரமோ துத்தநாகமோ தங்கமோ வைரமோ வேறு எந்த உலோகமோ கல்லோ கிடையாது, இதற்கு நானே சாட்சி. கீழே கையெழுத்து, முத்திரை. ஆட்கள் எல்லாரும் கேட்கும்படி உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். படித்த படிப்பு, வாங்கிய பயிற்சி, முறுக்கிய மீசை எல்லாம் தாண்டி நான் உண்மையாக எழுதிய முதல் அறிக்கை அது. வாசித்து முடித்ததும் கட்டிய மூட்டையை ஆட்கள் அவிழ்த்தார்கள்.

சம்சாரி காகிதத்தைக் கண்ணில் ஒற்றி மடியில் செருகினார். இறங்கப் போனவர் நின்று, சந்தேகத்தோடு திரும்பினார்.

“தண்ணியும் இல்லன்னு அதுல எழுதிரலயேய்யா?”

“இல்லை. தண்ணியைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

“அது போதும்,” என்று சொல்லிவிட்டுக் கிணற்றுக்குள் இறங்கினார்.

எனக்கு மாற்றல் உத்தரவு அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் வந்தது. எந்த ஊர் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அதனால் சொல்லப்போவதில்லை. தகரப் பெட்டியோடு சங்கரன்கோவிலில் பஸ்ஸுக்கு நின்றபோது சம்சாரியும் மனைவியும் வேகமாக வந்தார்கள். அந்த அம்மாளின் இடுப்பில் ஒரு மண்பானை. உள்ளே கலங்கிய புதுக் கிணற்றுத் தண்ணீர். வழக்கம்போல அவர் பேசாமல் நிற்பார் என்றுதான் நினைத்தேன்.

“கொஞ்சம் உப்புக் கரிக்கும். குடிங்க,” என்றார். நான் பானையைத் தூக்கி, மூச்சு விடாமல் குடித்தேன். கண்ணில் நீர் வந்தது, உப்பினால் அல்ல. பானையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்:

“நாங்க எங்கனயும் போவலய்யா.”

பஸ் வந்தது. அந்த வருஷம் அந்தப் பக்கத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனவன் நான்தான்.